ராகு காலத்தில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு

1

இந்தக் கதை தப்பான ஆளிடம் கேட்ட ஒரு கேள்வியில் பிறந்தது. அந்தத் தப்பான ஆள் நான்தான்.

"லதாக்கா, நீங்க நாள் பூரா லேப்டாப்லதான் எழுதிக்கினு கீறீங்க. டிசைன் வேலைக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு நல்லா இருக்கும்?" என்று எங்கள் மாடியில் குடியிருக்கும் தாட்சாயணி கேட்டாள். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவள். என் லேப்டாப்போ ஒரு பக்கம் எழுதினாலே மூச்சு வாங்கும். ஆனாலும், "கேமிங் கார்டு வாங்கு, பிரமாதமா இருக்கும்" என்று அடித்துவிட்டேன். கதை எழுதுகிறவர்களுக்குத் 'தெரியாது' என்ற சொல் வாயில் வராது.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'திருப்பதியின் பொன்னிறக் காலையில், கோபுரத்துப் புறாக்கள் சிறகை…' 

வேண்டாம். புறாவுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாம் முயற்சி: 'ஏழை விவசாயியின் மகளான தாட்சாயணி கண்ணீர் மல்க…'

இதை அவளிடமே படித்துக் காட்டினேன். "யக்கா, நான் எப்போ அழுதேன்? எனுக்குக் கோவந்தானே வந்துச்சு!" என்றாள்.

சரி, கோபத்திலிருந்தே தொடங்குகிறேன். புத்தலப்பட்டுப் பக்கம் வேங்கடாசலம் என்பவர் மாம்பழக் கூழ் ஃபேக்டரி நடத்துகிறார். அவருடைய மெஷினில் கொட்டை அடிக்கடி சிக்கிக்கொள்ளும். சிக்காத மெஷின் ஒன்றைத் தாட்சாயணி கம்ப்யூட்டரில் வடிவமைத்து, தோழியின் பழைய லேப்டாப்பில் கொண்டுபோய்க் காட்டினாள். சுற்றிக் காட்டும்போது திரை அப்படியே நின்றுவிட்டது. "படமே சிக்கிக்கினு நிக்குது, மெஷின் மட்டும் சிக்காதா?" என்றார் வேங்கடாசலம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டு வருட உழைப்பு அந்தச் சிரிப்பில் போயிருக்கும். நல்லவேளை, போகும்போது அவரே கூப்பிட்டு, "சனிக்கிழம இன்னொரு வாட்டி கொண்டா. அதுக்கு மேல சென்னைக் கம்பெனிக்கு ஆர்டர் குடுத்துடுவேன்" என்றாராம்.

ஆக, அவளுக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு வாய்ப்பு. வாசகரே, இதை மட்டும் மறக்காதீர்கள்.

3

வெள்ளிக்கிழமை, திருப்பதியில் ஒரு கடை. தாட்சாயணி, நாராயணவனத்திலிருந்து வந்த அவளுடைய அப்பா, அதாவது நைனா, தணிகாசலம், கதை கிடைக்குமென்று ஒட்டிக்கொண்ட நான். மேசையில் இரண்டு லேப்டாப். ஒன்றின் கீபோர்டு திருவிழா சீரியல் செட் மாதிரி கலர் கலராக மின்னியது. அதில் கேமிங் கார்டு, வேகத்தில் புலி. இன்னொன்று கறுப்பு, அழுமூஞ்சி. அதன் கார்டு டிசைன் சாஃப்ட்வேர்காரர்களே சோதித்துச் சரி என்று சொன்ன வகை, வேகம் கொஞ்சம் மட்டு. விலை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.*

(* கிராஃபிக்ஸ் கார்டு என்பது படம் வரைவதற்கென்றே லேப்டாப்புக்குள் இருக்கும் தனி மூளை. நூற்றுக்கணக்கான பாகம் கொண்ட மெஷினைத் திரையில் சுற்றிக் காட்ட அது வேண்டும். இந்தக் குறிப்பு தாட்சாயணி சொல்லச் சொல்ல எழுதியது. என்னை நம்பாதீர்கள்.)

கடைக்காரர் ஸ்ரீஹரி ப்ளக்கைக் கையில் எடுத்தார்.

"இருப்பா! ராவு காலம். பன்னண்டு தாண்டட்டும், அப்பால ப்ளக் போடு" என்றார் நைனா.

"அப்போ எப்பிடிப் பாக்கறது நைனா?"

"பேட்டரில பாரு. அது முன்னாடியே ஏத்தி வெச்ச கரண்ட்டு. ராவு காலத்துக்கு அதுல பங்கு கெடையாது."

எந்தப் பஞ்சாங்கத்தில் இந்தச் சட்டம் இருக்கிறதோ! ஸ்ரீஹரியோ பயபக்தியோடு தலையாட்டினார். அந்தக் கடையில் ராகு காலத்தில் பில்லே போடமாட்டார்களாம்.

[இந்த இடத்தில் நைனாவை முரட்டுப் பிடிவாதக்காரராக ஒரு பத்தி எழுதி, அழித்துவிட்டேன். மகளுடைய டிசைன் இருந்த பென்டிரைவைத் தன் சட்டைப் பையில் வைத்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து கடை வரை தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்த மனிதர் அவர். அவரை வில்லனாக்க எனக்கு மனசு வரவில்லை.]

4

முதலில் கலர் லைட். சடாரென்று திறந்தது. மெஷின் சுற்றியது. எனக்கு ஒரே பெருமை, நான் சொன்ன கார்டு அல்லவா! பாதியில் திக்கியது. மறுபடி திக்கியது. மாம்பழம் அந்தரத்தில் தொங்கியது.

அடுத்து அழுமூஞ்சி. மெதுவாகத் திறந்தது, மெதுவாகச் சுற்றியது. ஆனால் நிற்கவே இல்லை. பழம் உள்ளே போனது, கொட்டை வெளியே விழுந்தது.

"பேட்டரி மீத ஃபுல் பவர் ராதம்மா" என்றார் ஸ்ரீஹரி தெலுங்கில். பேட்டரியில் ஓடும்போது கேமிங் கார்டு முழு பலத்தைக் காட்டாதாம், ப்ளக் போட்டால் கலர் லைட்தான் ஜெயிக்குமாம். எனக்குப் போன மானம் பாதி திரும்பியது. பன்னிரண்டு மணிக்காகக் காத்திருந்தோம்.

திடீரென்று தாட்சாயணி எழுந்தாள். "யக்கா! ஃபேக்டரில நான் எங்க ப்ளக் போடுவேன்?"

அங்கேயே வேங்கடாசலத்துக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் மெஷின் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல்: "ப்ளக்கா? சீசனும்மா இது! எல்லாத்துலயும் மெஷின் ஓடிக்கினு கீது. நீ நின்னுக்கினே காட்டு!"

"பாத்தியா? ராவு காலம் நல்லதுதான் பண்ணிக்கீது!" என்றார் நைனா.

"நீ சும்மா இரு நைனா!" என்றாள். சொல்லும்போதே சிரித்துவிட்டாள்.

பன்னிரண்டு தாண்டியது. ப்ளக் போட்டதும் கலர் லைட் பறந்தது, ஐயோ, என்ன வேகம்! அவளுக்கும் கண் அதிலேதான். வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு வருஷக்கணக்கில் அந்த வேகம் உதவும். அவள் பெருமூச்சு விட்டு அதன் மூடியைச் சாத்தினாள். "நாளைக்கு நிக்காம சுத்தணும். அவ்ளோதான்" என்று கறுப்பை எடுத்துக்கொண்டாள்.

5

முடிவு ஒன்று: மெஷின் திரையில் சுற்றுகிறது, வேங்கடாசலம் கை கொடுக்கிறார். (இனிப்பு அதிகம்.)

முடிவு இரண்டு: அழுமூஞ்சியும் நின்றுபோகிறது, எல்லோரும் மறுபடி… (சீ, இதை எழுத மாட்டேன்.)

விஷயம் என்னவென்றால், இன்றுதான் அந்தச் சனிக்கிழமை. அப்பாவும் மகளும் காலையிலேயே சித்தூர் பஸ் ஏறிவிட்டார்கள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அதனால்தான் எழுதிக்கொண்டிரு—

போன்! தாட்சாயணி!

"அலோ" என்கிறேன். கூழ் மெஷின் இரைச்சல்தான். ஓ, எனக்கும் கேட்கட்டும் என்று போனைப் போட்டு நைனாவின் சட்டைப் பையில் வைத்திருக்கிறாள் போலிருக்கிறது. அவருடைய நெஞ்சு அடிப்பதுகூடக் கேட்கிறது. இல்லை, அது என்னுடையதா?

வேங்கடாசலத்தின் குரல்: "இன்னொரு வாட்டி சுத்து."

இரைச்சல்.

"இன்னொரு வாட்டி."

பிறகு ஒரு கத்தல்: "டேய், மெஷின ஆஃப் பண்ணுங்கடா! எல்லாரும் இங்க வந்து பாருங்க!"

எதைப் பார்க்க? சிக்கியதையா, சிக்காததையா? என்னைக் கேட்காதீர்கள், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சீசன் நேரத்தில் அந்த ஃபேக்டரியின் இரைச்சல் நின்றுவிட்டது. ஒரு ப்ளக் பாயிண்ட் இப்போது காலியாக இருக்கிறது.