நாக்கின் மூலை முடுக்கெல்லாம்

பீர் குடிப்பவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு: உலகத்திலேயே பாசாங்கு இல்லாத பிராணி தாங்கள்தான் என்று. ஒயின் குடிப்பவர்களுக்கும் ஒரு நம்பிக்கை உண்டு: உலகத்திலேயே நாக்கு உள்ள பிராணி தாங்கள்தான் என்று. இந்த இரண்டு கட்சியிலிருந்தும் ஆளுக்கொருவரைப் பிடித்து ஒரே வீட்டு அக்கா தங்கைக்குக் கட்டிவைத்தால் என்ன ஆகும் என்று அவர்களுடைய மாமனார் யோசிக்கவில்லை. அவர் டீ குடிப்பவர்.

மூத்த மாப்பிள்ளை லேபிள் அச்சகம் ஒன்றில் டிசைனர். ஷாம்பு, ஜாம், இருமல் மருந்து என்று எந்தப் பாட்டிலின் முதுகைத் திருப்பினாலும் அங்கே இருக்கும் பொடி எழுத்து அவர் கைவண்ணமாக இருக்கலாம். இளைய மாப்பிள்ளை பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தே பழகியதால், தன் வாய் மட்டும் தனி உசத்தி என்ற முடிவுக்கு வந்துவிட்டவர்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் டாக்டர் வீட்டில்தான் சாப்பாடு. டிசைனர் தன் பீரைத் தானே பையில் போட்டுக்கொண்டு வருவார். மச்சினிச்சி அதை வாங்கி ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டுக்குள், முட்டைக்கோஸுக்குப் பின்னால் படுக்கவைப்பாள். கணவரின் ஒயின் நண்பர்கள் யாராவது ஃப்ரிட்ஜைத் திறந்தால் மானம் போய்விடும் அல்லவா.

டாக்டர் ஒயின் குடிப்பது ஒரு சடங்கு. கிளாஸைச் சுழற்றுவார். மூக்கை உள்ளே விடுவார். கண்ணை மூடுவார். பிறகு வாயில் ஊற்றிக் கொப்பளிப்பார். கொப்பளித்துவிட்டுத் துப்பச் சொல்வது அவருடைய தொழில்; இங்கே மட்டும் விழுங்குவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புது பாட்டில் ஒன்று மேஜைக்கு வந்தது. மலையடிவாரத்தில் ஒரு அம்மா சின்ன அளவில் செய்கிற ஒயினாம். டாக்டர் பாட்டிலின் முன்பக்கத்தை எல்லோருக்கும் காட்டினார். பின்பக்கம் அவர் பக்கமாகத் திரும்பியிருந்தது. கண்ணை மூடுவதற்கு முன்னால் அவர் கண் அந்தப் பக்கம் ஒரு நிமிடம் போய் வந்தது.

“முதல்ல செர்ரி” என்றார். “நல்லா முத்தின செர்ரி. அப்புறம் மரப்பீப்பாயோட லேசான புகை. அப்புறம்… இருங்க, இருங்க… எலுமிச்சை. பைன் மரம். ஒரு காடே உள்ள போன மாதிரி. நாக்கோட மூலை முடுக்கெல்லாம் ஊடுருவுது பாருங்க சகலை. போகவே மாட்டேங்குது. நிக்குது.”

“உங்க கிளினிக்ல பில்லைப் பார்த்தாலும் எனக்கு இதே மாதிரிதான் இருக்கும்” என்றார் டிசைனர்.

அக்காவும் தங்கையும் சிரித்தார்கள். டிசைனரும் சிரித்துக்கொண்டே பீரை வாய்க்குக் கொண்டுபோனவர் பாதி வழியில் நிறுத்தினார். மூலை முடுக்கெல்லாம். இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே?

பாட்டிலை வாங்கித் திருப்பினார். முதுகில் இருந்தது அவரே செய்த லேபிள்.

எல்லா டிசைனர்களுக்கும் ஒரு வேலைமுறை உண்டு. புது லேபிளைப் புதிதாகத் தொடங்க மாட்டார்கள். அதே அளவில் ஏற்கெனவே செய்த பழைய லேபிளைத் திறந்து, பழைய எழுத்தை அழித்து, அதன்மேல் புது எழுத்தை ஒட்டுவார்கள். நேரம் மிச்சம். சில சமயம் எழுத்தும் மிச்சம். இந்த ஒயின் லேபிளுக்கு அவர் திறந்தது, தரை கழுவும் திரவத்தின் லேபிள். செர்ரியையும் பீப்பாயையும் சரியாக ஒட்டியவர், அதற்குக் கீழே இருந்த பழைய வரியை அழிக்க மறந்திருந்தார்: ‘எலுமிச்சையின் புத்துணர்ச்சியும் பைன் காட்டின் நறுமணமும் மூலை முடுக்கெல்லாம் ஊடுருவி நெடுநேரம் நிலைத்திருக்கும்.’ அதற்கும் கீழே ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்பதும் இருந்தது. அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ‘ஈரத் துணியால் துடைக்கவும்’ என்பதை மட்டும் ஏதோ ஒரு புண்ணியத்தில் அழித்திருந்தார்.

இது முதல் தடவை என்றால் பரவாயில்லை. போன வருடம் ஓர் இருமல் மருந்து, ‘தலையில் நன்றாகத் தேய்த்து ஊறவிடவும்’ என்ற அறிவுரையோடு கடைகளுக்குப் போயிருந்தது. அன்றைக்கே முதலாளி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உன் மவுஸைச் சுருட்டி எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிடு. நான் உன்மேல கத்தக்கூட மாட்டேன்.” கத்துகிற முதலாளியைச் சமாளித்துவிடலாம், கத்த மாட்டேன் என்கிறவர் செய்துவிடுவார். ஐம்பதை நெருங்குகிற டிசைனரை எந்த அச்சகமும் புதிதாகச் சேர்க்காது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளே அவரைவிட வேகமாகத் தப்புச் செய்கிறார்கள்.

“என்ன சகலை, லேபிளை அப்படி முறைக்கிறீங்க?” என்றார் டாக்டர். “அதைப் பார்த்துதான் சொன்னேன்னு நினைக்கிறீங்களா?”

இதுதான் ஆபத்தான இடம். டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் ஒயின் செய்கிற அம்மாவுக்குப் போன் போட்டுவிடுவார். அந்த அம்மா அச்சக முதலாளிக்குப் போடுவார். டிசைனர் பீரைக் கீழே வைத்தார். தங்கையின் கிளாஸை எடுத்தார். ஒரு வாய் குடித்தார்.

“ஆமா சகலை” என்றார். “பைன் இருக்கு.”

“யாருக்கு, உங்களுக்கா?” என்றாள் மனைவி. “பால் திரிஞ்சதே உங்களுக்குத் தெரியாதே!”

டாக்டர் கேட்கவில்லை. எழுந்து வந்து சகலையின் தோளில் கைவைத்தார். கண்ணில் தண்ணீர் வராத குறை. “இத்தனை வருஷம் உங்களை நான் தப்பா நினைச்சுட்டேன். வர்ற சனிக்கிழமை நம்ம ஒயின் கிளப் கூட்டம் இங்கதான். இந்த ஒயினைப் பத்தி நான் பேசறேன். அன்னிக்குத்தான் தலைவர் தேர்தலும். இதைச் செஞ்ச அம்மாவே வர்றாங்க. நீங்களும் வரணும்.”

“அந்த அம்மாவா? எதுக்கு அவங்களை…”

“அவங்க முன்னாடிதானே சொல்லணும், பைனை!”

“பைனை விட்டுடலாமே சகலை. செர்ரி போதும். செர்ரி நல்லாத்தானே இருக்கு?”

“செர்ரியை எவன் வேணும்னாலும் சொல்லுவான்” என்றார் டாக்டர். “பைனை நம்ம குடும்பத்துலதான் ரெண்டு பேர் சொல்லியிருக்கோம்.”

சனிக்கிழமை டிசைனர் எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தார். சமையலறையில் வரிசையாக நின்ற பாட்டில்களின் முதுகை ஈரத் துணியால் தேய்த்தார். உரியவில்லை. நகத்தால் சுரண்டினார். உரியவில்லை. தண்ணீரில் ஊறினாலும் உரியாத பசை வேண்டும் என்று முதலாளியிடம் சண்டை போட்டு வாங்கவைத்தவர் அவரேதான். அவர் வாழ்க்கையில் எடுத்த ஒரே உறுதியான முடிவு அது.

“அத்தான்” என்றாள் மச்சினிச்சி வாசலில் நின்று. “பாட்டிலுக்கு எதுக்கு முதுகு சொறிஞ்சு விடுறீங்க?”

“தூசி.”

“நேத்துத்தான் வந்துச்சு. தள்ளுங்க, எல்லாரும் வந்துட்டாங்க.”

எல்லாரும் என்றால் ஒரு வக்கீல், ஒரு வங்கி மேலாளர், ஒரு கட்டட இன்ஜினியர், இவர்களைப் பார்த்துத் தலையாட்டுகிற இன்னும் சிலர். அவர்களுக்கு நடுவே ஒயின் செய்கிற அம்மா உட்கார்ந்திருந்தார். ஒட்ட வெட்டிய நகங்களின் ஓரத்தில் கழுவினாலும் போகாத கருஞ்சிவப்பு. நாற்காலியின் நுனியில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி இருந்தார்.

டாக்டர் பேசினார். செர்ரியிலிருந்து தொடங்கி, பீப்பாயைக் கடந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு காட்டுக்குள் நுழைந்தார். “எலுமிச்சை. பைன். நாக்கின் மூலை முடுக்கெல்லாம் ஊடுருவி, நெடுநேரம் நிலைத்திருக்கும்.” கடைசியில் பேச்சுத்தமிழ்கூடக் கழன்றுபோயிருந்தது.

“எனக்கு மூக்குலயே பைன் வந்துடுச்சு” என்றார் வங்கி மேலாளர்.

“எனக்குத் தொண்டையில” என்றார் இன்ஜினியர்.

வக்கீல் யாருக்கும் இளைத்தவர் இல்லை. “வெறும் பைன்னு சொல்லிட முடியாது. இது மழை பெஞ்ச பைன்” என்றார்.

ஒயின் அம்மா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தன் கிளாஸை எடுத்து முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். பிறகு பாட்டிலைத் திருப்பி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, படித்தார். படித்து முடிக்க வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் படித்தார். டிசைனர் சுவரோடு சுவராக நின்றுகொண்டு, மவுஸைச் சுருட்டுவதற்கு எத்தனை பெரிய பை தேவைப்படும் என்று யோசித்தார்.

“எப்படிம்மா கொண்டுவந்தீங்க, இந்தப் பைனை?” என்றார் வக்கீல்.

அம்மா கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார்.

“அது நான் கொண்டுவரலைங்க” என்றார். “தானா வந்து சேர்ந்துச்சு.”

கூட்டமே கை தட்டியது. இத்தனை தன்னடக்கமா! இன்ஜினியர் அந்த இடத்திலேயே பெட்டி கணக்கில் ஆர்டர் கொடுத்தார். வங்கி மேலாளர் விடுவாரா? டாக்டர் போட்டியின்றித் தலைவரானார். அவரை எதிர்த்து நிற்பதாக இருந்த வக்கீலே அவர் பெயரை முன்மொழிந்தார்.

டிசைனர் நழுவிச் சமையலறைக்குப் போய் முட்டைக்கோஸுக்குப் பின்னாலிருந்து பீரை எடுத்துத் திறந்தார். திரும்பினால் ஒயின் அம்மா.

“லேபிள் போட்ட அச்சகத்துல நீங்கதானே வேலை பார்க்கறீங்க? டாக்டர் சொன்னார்.”

“நான்தாங்க” என்றார். இனி மறைத்து ஆவதற்கு ஒன்றுமில்லை. “அந்த வரி… என் தப்பு. வேற லேபிள்ல இருந்தது.”

“என்ன ஒயின் அது?”

“ஒயின் இல்லைங்க. தரை கழுவறது.”

அம்மா சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சத்தம் வெளியே கேட்டுவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அடங்கியதும் பீரைக் காட்டினார். “அதுல எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க.”

“நீங்க பீரா குடிப்பீங்க?”

“நாள் பூரா திராட்சைத் தொட்டியில நிக்கிறவ சாயங்காலமும் அதையே குடிக்கணுமா? எங்க ஆளுங்க எல்லாரும் பீர்தான்.”

டிசைனருக்குத் தைரியம் வந்தது. “பீர்னா பொய் கிடையாதுங்க. உள்ளது உள்ளபடி இருக்கும். குடிக்கிறவனும் அப்படித்தான்.”

“அப்படியா? உங்க சகலைக்கு முன்னாடி நீங்களும்தான் பைன் இருக்குன்னு சொன்னீங்களாமே? பெருமையா சொல்லிக்கிட்டு இருக்காரு அங்க.”

டிசைனர் பீரைப் பார்த்தார். பீர் அவருக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

“கேளுங்க” என்றார் அம்மா. “உங்க முதலாளிகிட்ட நான் வாயைத் திறக்க மாட்டேன். லேபிளுக்குச் சரின்னு சொல்லி அனுப்பினதும் நான்தானே. முன்பக்கம் அழகா இருந்துச்சு, பின்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. ஆனா ஒண்ணு. டாக்டர்கிட்ட நீங்களும் வாயைத் திறக்கக் கூடாது. இத்தனை வருஷத்துல என் ஒயினை இப்படி யாரும் அள்ளிக்கிட்டுப் போனதில்லை. செர்ரின்னு உண்மையைச் சொன்னப்போ ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கலை.”

“எப்ப வரைக்கும் சொல்லக் கூடாது?”

“உங்களுக்கு வேலை வேணுங்கிற வரைக்கும்.”

டிசைனருக்குச் சம்மதம் சொல்வதைத் தவிர வழி இல்லை. அவர் பட்ட வேதனையைப் புரிந்துகொள்ள ஒருவருக்குச் சகலை இருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இளைய மாப்பிள்ளையை மடக்க ஒரே ஒரு வாக்கியம் கிடைக்காதா என்று ஏங்கியவர் அவர். ‘நீங்க ரசிச்சது தரை கழுவற தண்ணி, சகலை.’ இதைவிட அழகான வாக்கியத்தை மனிதகுலம் இனிமேல் செய்ய முடியாது. அது அவர் வாயில் வந்து நிற்கிறது. துப்பினால் வேலை போகும், விழுங்கினால் நெஞ்சு எரியும். விழுங்கினார்.

மறுநாள் ஞாயிறு. மேஜையில் டிசைனரின் இடத்துக்கு முன்னால் பீர் இல்லை. புதுத் தலைவர் அந்த ஒயினைத் தன் கையால் ஊற்றிவைத்திருந்தார்.

“இனிமே நம்ம சகலை பை தூக்கிட்டு வரவேண்டாம்” என்று அறிவித்தார். “அவருக்கு நாக்கு வந்துடுச்சு.”

“அதான் இத்தனை வருஷமா வீட்டுல பேச்சே இல்லாம இருந்துச்சா?” என்றாள் மனைவி. தங்கைக்குப் புரையேறியது.

டிசைனர் கிளாஸைச் சுழற்றவில்லை, மூக்கை விடவில்லை. சம்பளத்தை நினைத்துக்கொண்டு ஒரு வாய் குடித்தார். புளித்தது. எதிர்பார்த்ததுதான். திராட்சை புளிக்கும், டாக்டர் அளப்பார், உலகம் ஒழுங்காகத்தான் இருந்தது. இரண்டாவது வாய் குடித்தார்.

எலுமிச்சை.

சந்தேகமாக மேஜையைப் பார்த்தார். எங்கும் எலுமிச்சை இல்லை. குனிந்து தரையை முகர்ந்து பார்க்கலாமா என்று தோன்றியது. அடக்கிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தார். நாக்கின் பின்பக்கத்தில், ஓரமாக, ஈரமான ஒரு மரம் நின்றது. தான் தட்டச்சுச் செய்த மரம். ஒருநாளும் பார்த்திராத மரம். வக்கீல் சொன்னது போல அதன்மேல் மழைகூடப் பெய்திருந்தது.

“என்னங்க, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?” என்றாள் மனைவி.

டிசைனர் வாயைத் துடைத்துக்கொண்டார். சகலை பார்க்கிறாரா என்று பார்த்தார். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுமில்லை” என்று மெதுவாகச் சொல்லிக் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினார். “அவருக்குத் தெரியாம இன்னும் கொஞ்சம் ஊத்து.”