நட்சத்திர மொழி தெரிந்தவன்

தமிழில் விஞ்ஞானக் கதை எழுதுகிறவர்கள் கொஞ்சம் பேர். அதிலும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாய்க் கட்டிய கூலி வீட்டில், உட்கார்ந்து எழுதுகிறவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்தன்தான். பகலில் ஃபேக்டரி மாடியில் கொழுந்து வாட்டுகிற வேலை. மீதி நேரத்தில் செவ்வாய், வியாழன், அதற்கும் அப்பால். ஐம்பத்தெட்டு வயதுக்குள் மூன்று புத்தகம் போட்டுவிட்டேன். மூன்றையும் படித்தேன் என்று ஒருவன் வீடு தேடி வந்தது அந்த வெள்ளிக்கிழமைதான் முதல் தடவை.

அவன் பெயர் ரிஃகான். ஹட்டன் டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் மர்சூக் நானாவின் மகன். எழுத்தாளர்களைப் பேட்டி எடுத்து யூடியூபில் போடுகிறவன். ஜும்ஆ தொழுகை முடிந்து பைக்கில் வந்திருந்தான். நான் லீவு போட்டு, சவரம் செய்து, காத்திருந்தேன். எங்கள் காம்பரா அறையில் இருந்த ஒரே நாற்காலியில் என்னை உட்காரவைத்து, எதிரே போனை நிறுத்தினான். என் மகள் பூரணி குசினியில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பூரணியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தாயில்லாப் பிள்ளை. உயர்தரம் பாஸ் பண்ணியவள். நர்ஸ் பயிற்சிக்கு மூன்றாவது முறையாக மனுப் போட்டிருந்தாள். அடுத்த முறைக்கு வயது தாண்டிவிடும், ஆகவே இதுதான் கடைசி. நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டுக் கடிதம் வரவேண்டும். எங்கள் லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. எல்லாக் கடிதமும் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கே யார் போய் நிற்கிறார்களோ அவர்கள் கையில் லயத்துக் கடிதங்களை ஒரே கட்டாகக் கொடுத்துவிடுவார்கள். பத்திரிகையில் என் கதை வந்திருக்கிறதா என்று பார்க்க நான்தான் சனிக்கிழமை தவறாமல் போய் நிற்பேன். திரும்பி வந்ததும், "எனக்கு ஏதாச்சும் வந்துச்சாப்பா?" என்று கேட்பாள். "இல்லம்மா" என்பேன். இரண்டு மாதமாக இதே பேச்சு.

"சேர், மொதல்ல வாழ்க்கையப் பத்தி ஒங்க பார்வையச் சொல்லுங்க" என்றான் ரிஃகான்.

முப்பது வருடமாக இப்படி ஒரு கேள்விக்குக் காத்திருந்தவன் சும்மா விடுவேனா. "விடிஞ்சா பேர் கூப்புடுற பெரட்டு, பொழுது சாஞ்சா லயம். இதுக்கு நடுவுல அண்ணாந்து பாக்க ஒரு நிமிஷம் கெடச்சா, அந்த ஒரு நிமிஷந்தான் தம்பி வாழ்க்கை" என்றேன். கேட்க எனக்கே நன்றாக இருந்தது.

"ஒங்க கதை ரெண்டாயிரத்து நூத்தித் தொண்ணூறுல நடக்குது. ஒரு பொம்பள நட்சத்திரத்துலருந்து வர்ற மொழியப் படிச்சு அர்த்தம் சொல்றா. ஆனா அவ இன்னமும் லயத்துலதானே இரிக்கிறா? சமூகம் மாறவே மாறாதா சேர்?"

"கொழும்புல பத்திரிகைக்காரரும் இதத்தான் கேட்டாரு. ராக்கெட்ட நம்பலாம், அதுவரைக்கும் லயம் இருக்கும்னா நம்ப முடியலன்னாரு. ஐயா, ராக்கெட்டுதான் என் கற்பனை, லயம் நான் கண்ணால பாத்து எழுதுனதுன்னேன். இருநூறு வருஷம் இருந்தது இன்னும் கொஞ்ச நாள் இருக்காதா?"

குசினியில் பூரணி சிரிப்பது கேட்டது. நான் வாயடித்தால் அவளுக்குப் பிடிக்கும்.

யதார்த்தம் பற்றிய கேள்விதான் கடைசி என்றான். அதற்கு முன் என் கையெழுத்துப் பிரதிகளைப் படம் எடுக்க வேண்டுமாம். கட்டிலுக்கடியிலிருந்து பிஸ்கட் டின்னை இழுத்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டுக் காகிதம் எல்லாம் அதற்குள்தான். ரிஃகான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே வந்தவன், ஒரு நீளமான பழுப்பு உறைக்குள் இருந்த கடிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு நின்றான்.

"இது யாருக்கு வந்த சேர்?"

"எலெக்‌ஷன் கடுதாசிப்பா. தள்ளி வையி."

"இல்ல சேர். நர்சிங் இன்டர்வியூக்கு வரச் சொல்லி இரிக்கி. கே. பூரணிண்டு போட்டிரிக்கி. போன மாசம் பதினாலாந் திகதி, காலையில ஒம்பது மணிக்கு, கண்டியில."

சிங்களம் பேசுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடைத்தெருவில், பொலிஸில், எங்கும் சிங்களத்தில் வாயாடுவேன். வாசிக்க மட்டும் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அந்தக் கடிதம், உறை மேலிருந்த பெயர் உட்பட, முழுக்கச் சிங்களத்தில் வந்திருந்தது. வந்த அன்று கிழித்துத் திறந்து, மேலிருந்து கீழ்வரை கண்ணை ஓட்டி, படித்தவன் மாதிரித் தலையை ஆட்டி, "எலெக்‌ஷன் கடுதாசி" என்று டின்னுக்குள் போட்டவன் நான்தான். பக்கத்தில் பூரணி தலை சீவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நன்றாகச் சிங்களம் வாசிக்க வரும். மூன்று புத்தகம் போட்டவன், இதில் என்னம்மா எழுதியிருக்கிறது என்று மகளிடம் எப்படிக் கேட்பது? வேறு காரணம் எதுவும் இல்லை. வெறும் வறட்டு கௌரவம்.

பூரணி டீயோடு வாசலில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை வாசித்தாள். ரிஃகான் அதில் இருந்த நம்பருக்குத் தானாகவே போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான். ஒரு பெண் சிங்களத்தில் பேசினாள். நல்ல மனுஷி, தன்மையாகவே பேசினாள். வராதவர்களின் இடத்துக்கு அடுத்த பட்டியலில் இருந்தவர்களை எடுத்தாயிற்று, பயிற்சியும் தொடங்கிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றாள். காதால் கேட்டபோது ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது.

ரிஃகான் தன் போனை எடுத்துப் பைக்குள் வைத்தான். மூன்றாவது கேள்வியை அவன் கேட்கவில்லை. டீயை மட்டும் குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சலாம் சொல்லிப் போனான்.

"அன்னைக்கு நான் பக்கத்துலதானப்பா இருந்தேன்" என்றாள் பூரணி. "எங்கிட்ட நீட்டியிருந்தா ரெண்டு நிமிஷத்துல வாசிச்சுச் சொல்லியிருப்பேனே."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிச்சிரும்மா என்று சொல்ல நினைத்தவன், காகிதங்களைத் திரும்ப டின்னுக்குள் அடுக்கினேன். அவள் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரே நின்றாள்.

"கொழுந்தெடுக்க ஆள் பத்தலன்னு, பேர் பதியிற கண்டாக்கையா சொன்னாராம். திங்கக்கெழமையிலருந்து எம்பேரைப் போடச் சொல்லிக் கேளுங்கப்பா. நீங்க கேட்டா போட்டுக்குவாரு."

"சரிம்மா, கேக்குறேன்" என்றேன்.