கம்பத்தின் எண்

தன் ஓவியக் கண்காட்சித் திறப்புக்கு வந்த கூட்டத்தில் அக்காவின் கணவரும் நிற்பதை அவள் கண்டாள்.

அவருடைய அடிக்குப் பயந்து அக்கா வீட்டைவிட்டு வெளியேறி ஏழு மாதம். எங்கே வாடகைக்கு இருக்கிறாள் என்பது தங்கையான அவளுக்கு மட்டும்தான் தெரியும். சனிக்கிழமைதோறும் அங்கே போய், சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து வரைந்த பன்னிரண்டு தைல ஓவியங்கள்தான் இப்போது கேலரியின் வெள்ளைச் சுவரில் வரிசையாகத் தொங்கின. மேகம், மொட்டைமாடி, காயும் துணி. எந்த ஊர் ஜன்னலிலும் தெரிவதுதானே என்று நம்பியிருந்தாள்.

"என்ன மச்சினி, பேப்பர்ல போட்டோ வர்ற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டே! மாமனுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"வாங்க மாமா."

"எல்லாம் ஒரே ஜன்னலாமே. யார் வீடு?"

"சும்மா கற்பனை மாமா."

பக்கத்தில் நின்ற கேலரிக்காரம்மா சிரித்துவிட்டார். "கற்பனையா? நல்லாச் சொன்னே போ! சார், இவ ஒரு ஆணியைக்கூடக் கூட்டிக் குறைச்சு வரைய மாட்டா."

அக்காவின் கணவர் தலையாட்டிக்கொண்டே நடந்தார். மின்சார அலுவலகத்தில் இருபது வருடமாகக் கம்பிப் பாதைகளைச் சோதிக்கிறவர். மேகத்தையும் துணியையும் தாண்டி வந்து கடைசிப் படத்தின் முன் நின்றார். அதில் ஒரு மின்கம்பம். கம்பத்தில் மஞ்சள் தகடு, தகட்டில் எண். மெல்லிய தூரிகையால் அரை நாள் உட்கார்ந்து அவள் போட்ட எண். அவளுக்கு அது வெறும் மஞ்சளும் கறுப்பும், அவருக்கு விலாசம்.

அவர் கைப்பேசியை உயர்த்தினார்.

"போட்டோ மட்டும் வேண்டாம் சார்," என்றார் கேலரிக்காரம்மா.

"சரிம்மா. கண்ணாடி வண்டியில இருக்கு, எடுத்துட்டு வந்து பார்க்கிறேன்." அவள் பக்கம் திரும்பினார். "ஓடிப் போயிடாதே."

அவர் முதுகு வாசலைத் தாண்டியதும் பெருவிரலைத் தகட்டின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தாள். முடித்துப் பத்து நாள்தான். வண்ணம் முழுக்கக் காயவில்லை. எண் சேறாகக் குழைந்தது.

"அடிப்பாவி! உன் படத்தை நீயே..."

"மேடம், அப்புறம் சொல்றேன். தயவுசெஞ்சு பேசாம இருங்க."

கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தவர் படத்தைப் பார்த்தார். பிறகு அவள் விரலைப் பார்த்தார். மறைக்க நேரமில்லை. அவர் கோபப்படவில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பற்றி அக்கா சொல்லியிருக்கிறாள்.

"அப்போ அங்கதான் இருக்கா. பரவாயில்லை, இன்னும் பதினொண்ணு இருக்கே."

முதல் படத்துக்குப் போய் மூக்கு உரசும்படி குனிந்தார். அவளுக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது: இரண்டாவதில் விரிசல் விட்ட தண்ணீர்த் தொட்டி, ஐந்தாவதில் செல்போன் கோபுரம், எட்டாவதில் பாதி தெரியும் பள்ளிக்கூடப் பலகை. எல்லாவற்றையும் தேய்க்க அவளிடம் விரல் இல்லை.

வெளியே ஓடிவந்து கைப்பேசியை எடுத்தாள். அக்காவை அழைக்கத் தொட்டதில் திரை முழுக்க மஞ்சள் அப்பியது.

"அக்கா, அடுப்பை அணைச்சுட்டுச் செருப்பை மாட்டு. பையெல்லாம் வேண்டாம்."

"எங்கடி போறது?"

"எங்கேயாவது போ. போற இடத்தை எனக்குக்கூடச் சொல்லாதே."