பரீட்சைக்கு ஓர் உடம்பு

மசாஜ் செய்கிறவர்கள் எல்லோரும் இனி அரசாங்கத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும், பதிவில்லாதவர்கள் யார் உடம்பிலும் கை வைக்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது, அவள் பாதி ஆயுளை அந்தத் தொழிலில் கழித்திருந்தாள். கடை முதலாளியம்மா விஷயத்தைச் சொன்னபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

பதிவுக்குப் பயிற்சி வேண்டும், பயிற்சிக்குப் பின் பரீட்சை வேண்டும். பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு, சாயங்காலம் வகுப்பில் உட்கார்ந்து எலும்புகளின் பெயர்களை உருப்போட்டாள். மகள் வயதுப் பெண்கள் கடகடவென்று ஒப்பித்தார்கள். இவளுக்கு இறுக்கம் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். அந்த இடத்தின் பெயர்தான் வாயில் நுழையாது. போதாததற்கு, எப்படிப்பட்டவர்களுக்கு மசாஜ் செய்யக் கூடாது என்று ஒரு நீளமான பாடம். இப்படி ஆளாளுக்குச் சோதனை போட்டுக்கொண்டிருந்தால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்று பக்கத்துப் பெண்ணிடம் முணுமுணுத்தாள்.

எழுத்துத் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறினாள். மிச்சம் இருந்தது செய்முறைத் தேர்வு. மசாஜ் செய்து காட்ட ஓர் ஆளை அவரவரே கூட்டி வர வேண்டும், அந்த ஆள் வாடிக்கையாளராக இருக்கக் கூடாது என்பது விதி. நாத்தனார் வருவதாகச் சொல்லியிருந்தாள். தேர்வுக்கு முந்தின நாள்தான் அவளுக்கு விவரம் தெரிந்தது: துணியைக் கழற்றிவிட்டுப் போர்வைக்கு அடியில் படுக்க வேண்டும். தூக்கில் தொங்கச் சொன்னாலும் தொங்குவேன், இது மட்டும் நடக்காது என்று போனிலேயே கையை விரித்துவிட்டாள்.

மகள் வெளியூரில் இருந்தாள். வேறு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் அவள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தாள். எதிரே இருந்த கணவர் தலை நிமிராமல் சொன்னார்:

“நான் வரேன்.”

அவர் பஸ் ஓட்டுகிறவர். லீவு போட்டே பழக்கமில்லாதவர்.

“உங்களுக்கு டியூட்டி இருக்கே?”

“மாத்திக்கறேன். படுத்துக்கிடக்கறதுதானே வேலை? அதுக்கு எனக்குத் தனியா பயிற்சி வேணாம்.”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருக்கு ஒருநாளும் அவள் முதுகு பிடித்துவிட்டதில்லை. வேலை முடிந்து வந்ததும் மணிக்கட்டுகளை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்த்துக்கொண்டு அவர் எப்படிக் கேட்பார்? மருந்துக்கடைப் பிளாஸ்திரியைத் தானே எட்டி எட்டி, கோணல்மாணலாக முதுகில் ஒட்டிக்கொள்வார். சட்டை மாற்றும்போது அவள் அதைப் பார்த்திருக்கிறாள். அதை நேராக ஒட்டிவிட்டதுகூட இல்லை.

தேர்வுக்கூடம் நீளமான அறை. வரிசையாகக் கட்டில்கள், எல்லாவற்றிலும் ஒரே நிற விரிப்பு. மேற்பார்வைக்கு ஒரு நரைத்த தலை அம்மாள் இருந்தார். காலையிலிருந்து இதே உடம்புகளைப் பார்த்து அலுத்த முகம். ஆனால் ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று நிதானமாகத்தான் பார்த்தார்.

கணவர் குப்புறப் படுத்தார். எண்ணெய் பட்டதும் முதுகு சிலிர்த்தது. அவள் தோளிலிருந்து தொடங்கினாள். முதுகு பலகையாக இறுகிக் கிடந்தது. இடுப்புக்கு மேலே கட்டைவிரலை அழுத்தியபோது அவர் நீளமாக மூச்சு விட்டார்.

“வலிக்குதா?”

“இல்ல. நிறுத்தாத.”

அதே இடத்தை இன்னும் இரண்டு தடவை அழுத்தினாள். பிறகு கால்களுக்கு வந்தாள். வலது கால் முடிந்தது. இடது ஆடுசதையில் கை வைத்தவள் சட்டென்று எடுத்துவிட்டாள். கால் சுட்டது. தோல் பளபளவென்று இறுகி, மற்றக் காலைவிடத் தடித்திருந்தது.

“எத்தனை நாளா இப்படி இருக்கு?”

“நாலஞ்சு நாளா. கிளச்சு மிதிக்கற கால், பிடிச்சுக்கிச்சு. நல்லா அழுத்தி விடு, சரியாயிடும்.”

ஒரு கால் மட்டும் வீங்கிச் சுட்டால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், தேய்த்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம், உயிருக்கே ஆபத்து என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். வகுப்புக்குப் போகாதிருந்தால், இந்நேரம் அவர் சொன்னபடி நன்றாக அழுத்தி விட்டிருப்பாள். காலைப் போர்வையால் மூடிவிட்டு அந்த அம்மாளைக் கூப்பிட்டாள்.

“மேடம், இந்தக் காலை நான் தொட மாட்டேன். இவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்.”

அவர் புறங்கையால் இரண்டு கால்களையும் தொட்டுப் பார்த்தார். “சரியாத்தான் பார்த்திருக்கீங்க. ஆனா பாதியில நிறுத்தினா என்னால மார்க் போட முடியாது. வேற ஆளோட மறுபடி வரணும்.”

“வரேன் மேடம்.”

“இவ்வளவு கஷ்டப்பட்டு வந்துட்டு…” என்று கணவர் எழப் பார்த்தார். பேசாமல் படுங்கள் என்று அதட்டினாள். வண்டிக்கு அந்த அம்மாளே போன் செய்தார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கட்டிதான். தேய்க்காமல் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று என்றார் டாக்டர். ஊசி, மாத்திரை என்று சில நாள் உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். தான் சொன்னது சரியாக இருந்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. கட்டிலின் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

அதற்குள் பதிவுக் கெடு முடிந்துவிட்டது. முதலாளியம்மா அவளை நிறுத்திவிடவில்லை. துண்டு துவைக்கிற வேலைக்கு மாற்றினார். தெரிந்த வாடிக்கையாளர்கள் வந்து, கழுத்தை மட்டும் கொஞ்சம் பாரேன் என்று கெஞ்சினார்கள். தலையை ஆட்டிவிட்டுத் துண்டுகளை மடித்தாள்.

மறுதேர்வுக்கு நாத்தனார் தானாகவே வந்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கூச்சம் தாங்காமல் முடியும்வரை நெளிந்தாள். ஆனாலும் இவள் தேறினாள். பதிவு அட்டை வந்தது. முதலாளியம்மா அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். மறுநாளிலிருந்து பழையபடி காலை முதல் சாயங்காலம்வரை நின்றாள்.

கணவரை இனிமேல் பஸ் ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டெப்போவில் அலுவலக வேலை கொடுத்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று ஒருநாள் மட்டும் சொன்னார். தினமும் சாயங்காலம் நடக்க வேண்டும் என்பதும் டாக்டர் உத்தரவு. தனியாகப் போக அலுத்துக்கொண்டு வாசலில் நின்று அவளையே பார்ப்பார்.

“நீயும் வரியா? தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்துடலாம்.”

அவளுக்குக் கால் கடுத்தது. சுவரில் சாய்ந்தபடி செருப்பை மாட்டிக்கொண்டு, “மெதுவாப் போங்க” என்றாள்.