பதினாலாம் நம்பர் அட்டை

காசு வாங்காமல் ஏழைகளின் மனக்குறையை உட்கார்ந்து கேட்ட வைத்தியர்களைப் பற்றித்தான் ஜன்டிரா நான்கு வருடமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நூறு வருடத்துக்கு முன்பு வியன்னாவிலும் புடாபெஸ்டிலும் நடந்த இலவச மனப்பகுப்பாய்வுக் கூடங்களில் எந்தத் தையல்காரி எத்தனை மணிக்கு வந்து படுத்துப் பேசினாள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். சொந்தத் தம்பி சனிக்கிழமை காலையில் எங்கே போகிறான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. அவ்வளவு படிப்பு.

தம்பி அதெமிர் பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் பஸ் ஓட்டினான். மே மாதம் ஒரு வியாழக்கிழமை, பணிமனையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவதற்குள் மாரடைப்பில் போய்விட்டான். முப்பத்தெட்டு வயது. அதற்கு முந்தின சனிக்கிழமைதான் சாவோ பாவுலோவில் இருந்த அவளுக்கு போன் செய்து, "அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்" என்றிருந்தான். கட்டுரையை ஒப்படைக்கும் நாள் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. "அடுத்த வாரம் பேசலாமா?" என்றாள். அடுத்த வாரம் அவள் பேசியது சவப்பெட்டிக் கடைக்காரரோடு.

அவனுடைய பர்ஸில் ஒரு அட்டை இருந்தது. முன்னால் 14 என்ற எண். பின்னால் 'சனிக்கிழமை, மாமரத்தடி'. ஜன்டிராவின் ஆய்வில் கடைசி அத்தியாயமே அந்த மாமரத்தடிதான். மனப்பகுப்பாய்வாளர்கள் பதினோரு பேர் ரெசிஃபி சதுக்கத்தில் மடக்கு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, வரிசை நம்பர்படி வருகிறவர்களுக்கு இலவசமாகக் காது கொடுக்கும் இடம்.

அத்தியாயம் எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு ரெக்கார்டரோடு போனாள். அவளுக்கு வேண்டியது வேறு. தன்னிடம் சொல்ல வந்ததை அவன் இவர்களில் யாரிடமாவது சொல்லியிருப்பான், அது என்னவென்று தெரியவேண்டும். அங்கே யார் கை ஒழிகிறதோ அவர் அடுத்த நம்பரைக் கூப்பிடுவார். அதனால் ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்லியிருப்பான் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொருவராகப் பேட்டி எடுத்தாள். பேட்டி முடியும்போது, "உயரமா ஒரு பஸ் டிரைவர் வருவாரே, சிரிச்சா கண்ணு மூடிக்கும்..." என்று இழுப்பாள். அதுவரை பேட்டி கொடுத்த ஒன்பது பேரும் ஒரே மாதிரி வாயை மூடிக்கொண்டார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை, அட்டை கொடுக்கும் நொயேமியா அவளைத் தனியே கூப்பிட்டாள்.

"நாங்க எதையும் எழுதி வைக்கிறதில்லைங்க. எழுதியிருந்தாலும் தர மாட்டோம். ஏன் தரக்கூடாதுன்னு எங்களவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

"தெரியும்" என்றாள் ஜன்டிரா. "அதைப் பத்தியே அறுபது பக்கம் எழுதியிருக்கேன்."

காத்திருப்பவர்களின் பெஞ்சில் போய் உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று அழுதாள். பக்கத்தில், ஈரம் காயாத மீன் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். பெயர் சுலெய்தி.

"ஏம்மா, நீ டிரைவரோட அக்காவா? அதே கண்ணு. உனக்கு அழுதாலும் மூடிக்குது. எங்க அவன்? எட்டு வாரமா ஆளையே காணோம். எவளோ மாட்டிக்கிட்டான்னு நெனச்சேன்."

ஜன்டிரா பையிலிருந்து பதினாலாம் நம்பர் அட்டையை எடுத்துக் காட்டி, அவன் போய்விட்டதைச் சொன்னாள். சுலெய்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அந்த நாற்காலியில உக்காந்து அவன் என்ன பேசினான்னு உங்களுக்கு ஏதாவது..."

"எந்த நாற்காலி? அவன் ஒரு நாளும் போய் உக்காந்ததில்லையே. நம்பர் வந்ததும் அட்டைய எங்கிட்ட நீட்டிடுவான். 'நீ போ, உனக்குத்தான் வாய் ஓயாது'ம்பான். கடங்காரன்."

"அப்புறம் எதுக்கு வந்தான்?"

"நானும் கேட்டேன். 'எங்கக்கா இதைப் பத்தித்தான் படிக்கிறா. அவ இருக்கும்போது ஊரார்கிட்ட எதுக்கு? மொதல்ல அவகிட்டதான் சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு இங்க உக்காந்து பாக்குறேன்'னான். ஆறு மாசம் அப்படியே உக்காந்திருந்தான். கடைசியா வந்தப்ப அட்டைய எனக்குத் தரல, பர்ஸுக்குள்ள வச்சுக்கிட்டான். 'இன்னிக்கு போன் பண்ணிடுவேன்'னு எந்திரிச்சுப் போனான். அவ்வளவு சந்தோஷமாப் போனான்மா."

அப்படியானால் அவன் சொல்ல வந்தது யாரிடமும் இல்லை. பதினோரு பேரிடமும் இல்லை, இந்தப் பெரியம்மாவிடமும் இல்லை.

"பதிமூணு" என்று மாமரத்தடியிலிருந்து குரல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "பதினஞ்சு." நடுவில் இருக்கவேண்டிய அட்டை ஜன்டிராவின் கையில் இருந்தது.

"பதினாலு இங்க இருக்கு" என்று சுலெய்தி சத்தம் கொடுத்துவிட்டு, ஜன்டிராவின் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். "போ. அவனோடதுதானே."

கூப்பிட்டவர் போன வாரம் அவள் பேட்டி எடுத்த இளைஞர். அட்டையை வாங்கிக்கொண்டார். எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். ரெக்கார்டர் பைக்குள்ளேயே கிடந்தது. பக்கத்து நாற்காலியில் யாரோ எழுந்து போனார்கள், வேறு யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

"'அடுத்த வாரம் பேசலாமா'ன்னு கேட்டேன்" என்றாள் ஜன்டிரா.

அவர் தன் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"'சரிக்கா'ன்னான்."