கிழங்கு மேட்டுக்காக நின்ற ஆலை

விடிந்ததும் சங்கு ஊதியது. மிம்பா ஆலைக்கு வந்தாள். கரும்பு பிழியும் உருளைப் பக்கம் போகவே இல்லை. வெட்டிப் போட்டிருந்த கரும்புக் குவியல் மேல் ஏறி, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே ஃபீபாவும் இன்னும் நான்கு பேரும்.

அந்த ஜமைக்கா தோட்டத்தில் உருளைக்குள் கரும்பு கொடுக்கத் தெரிந்தவர்கள் இந்த ஆறு அடிமைப் பெண்கள்தான்.

முந்தின நாள்தான் தோட்டக்காரி ஹால்க்ரோ துரைசானி குண்டைத் தூக்கிப் போட்டிருந்தாள். அடிமைகள் கிழங்கு போடும் மேட்டையும் இனி கரும்புக் கொல்லையாக்கப் போகிறாளாம். அவள் அளந்து கொடுக்கும் கருவாட்டை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைக்கூட வளர்க்க முடியாது. மேடு போனால் பட்டினிதான்.

புருஷன் செத்தபின் தனியாளாகத் தோட்டத்தை நடத்துகிறவள், கெட்டிக்காரிதான். ஆனால் பக்கத்துத் தோட்டத் துரைகளை முந்தும் வெறியில் மூன்று நாள் கரும்பை ஒரே நாளில் வெட்டச் சொன்னாள் பாருங்கள், அங்கேதான் சறுக்கினாள். வெட்டின கரும்பு வெயிலில் கிடந்தால் புளித்துவிடும்.

துரைசானி குதிரையிலிருந்து குதித்தாள்.

"எழுந்திருங்கடி! சவுக்கு கேக்குதா?"

"அடிங்க துரைசானி," என்றாள் மிம்பா. "அடி வாங்குன கை நடுங்கும். நடுங்குற கைய உருளை இழுத்துக்கும். அப்புறம் ரத்தத்தையும் சேத்துத்தான் காய்ச்சணும்."

"எல்லாரையும் வித்துடுவேன்!"

"வித்துக்கோங்க. வாங்குறவன் வர்றவரைக்கும் கரும்பு தாங்குமா?"

"தாங்காட்டி பன்னிக்குப் போடலாம்க்கா," என்றாள் ஃபீபா. "அதுவும் மோந்து பாத்துட்டுப் போயிடும்."

சாறு காய்ச்சும் கொட்டகையில் ஆண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். அவர்களில் இருவரைத் துரைசானி உருளைக்கு விரட்டினாள். கரும்பு குறுக்கே சிக்கி, ஆலை முனகிக்கொண்டு நின்றது.

வெயில் ஏறியது.  மிம்பா அசையவில்லை.

துரைசானி ஒரு கரும்பைக் கடித்துப் பார்த்தாள். முகம் சுளித்துத் துப்பினாள். அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"என்னடி வேணும்?"

"மேடு. எங்களுக்கும், எங்க பிள்ளைங்களுக்கும். கரும்பு அங்க ஏறக்கூடாது."

"சரி, சரி."

"எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க."

துரைசானி வேகவைத்த நண்டாகச் சிவந்துபோய்க் கத்தினாள்: "மேடு உங்களுக்குத்தான்!"

ஃபீபா காதில் கை வைத்தாள். "கொட்டகைக்குள்ள கேக்கலையாம் துரைசானி. இன்னொரு வாட்டி!"

இன்னொரு வாட்டியும் சொன்னாள். ஆலை முற்றமே அதிரும்படி ஜனம் ஆர்ப்பரித்தது.

"இப்பவாவது இறங்குடி!"

மிம்பா நிதானமாகக் காலை நீட்டினாள்.

"கொஞ்சம் பொறுங்க துரைசானி. கால் மரத்துப்போச்சு."

துரைசானி பொறுத்துக்கொண்டு நின்றாள்.