மடி தெரியுமுன்

வேலப்போடி மாமா கரைவலை வளைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் ஓடத் தொடங்கினேன். கயிறு முழுவதும் கரைக்கு வந்து சேருமுன் நான் அங்கே நிற்க வேண்டும்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வலையை ஒருமுறை வளைத்து இழுப்பதை ஒரு பாடு என்போம். ஒரு பாட்டில் விழும் மீன் முழுவதையும் கோயிலுக்கோ வேறு யாருக்கோ நேர்ந்துவிடுவதென்றால், மீன் நிறைந்து வரும் வலைப்பையான மடி கண்ணுக்குத் தெரியுமுன் வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். மீனைக் கண்ட பிறகு சொன்னால் அதை யாரும் நேர்த்திக்கடனாக எடுப்பதில்லை. கயிறு பிடிக்கிற எல்லோருக்கும் பங்கு இருப்பதால் எல்லோரும் ஓம் என்று சம்மதமும் சொல்ல வேண்டும்.

அந்தப் பாடு எனக்கு வேண்டியிருந்தது. வன்னியில் சண்டை முடிந்து இரண்டு மாதம். வவுனியா முகாம்களில் சனம் கூடாரங்களுக்குள் கிடந்தது. மட்டக்களப்பிலிருந்து அடுத்த வாரம் ஒரு லொறி சாமான் கொண்டு போகிறது. மற்ற ஊர்கள் அரிசியும் பருப்பும் கொடுக்கட்டும், எங்கள் வாகரையிலிருந்து கருவாட்டுச் சம்பல் போக வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாலர் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இது என்ன பைத்தியம் என்று ஊர் கேட்டது.

கரையில் ஆண்கள் இரண்டு கூட்டமாக நின்று இரண்டு கயிற்றையும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். என் சித்தியின் மகன் தினேஸ்தான் என்னை முதலில் கண்டான்.

"வாறா, வாறா! நம்மட நடக்கிற உண்டியல் வாறா! மடிச்சீலையைப் பத்திரமா முடிஞ்சி கொள்ளுங்கடா!"

சிரிப்பு கயிறு நெடுக ஓடியது. வலையின் சொந்தக்காரரான வேலப்போடி மாமா திரும்பிப் பார்க்காமலே, "என்ன புள்ள?" என்றார்.

"மாமா, இந்தப் பாட்ட முகாம் சனத்துக்கு நேர்ந்துவிடுங்க. நெத்தலி படுற காலம். ரெண்டு வெயில்ல காஞ்சிரும். செத்தல் மிளகாய் சேத்து இடிச்சிச் சம்பலாக்கி அனுப்புவம்."

"பசிச்சிக் கிடக்கிற சனத்துக்குச் சம்பலா? பால்மா எண்டு கேட்டாலும் ஒரு ஞாயம்."

அதற்குப் பதில் என்னிடம் தயாராக இருந்தது. "சுனாமியில நம்மட வலை, வள்ளம் எல்லாம் போச்சு. நீங்க இப்ப இழுக்கிற இந்த வலையே ஆரோ தந்ததுதானே மாமா. நாமளும் குடுக்கோணும்."

அவர் முகம் கறுத்தது. "தந்தாங்க. தந்து படம் எடுத்தாங்க. சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சன். மறுகா வேற ஆக்கள் வந்தாங்க, அவங்களுக்கும் சிரிச்சன். இன்னும் எத்தினை தரம் புள்ள நான் நன்றி சொல்ற?"

"எனக்குக் கம்பளிச் சட்டை தந்தாங்க," என்றான் தினேஸ். "இந்த வெயிலுக்குள்ள அதப் போட்டுக்கிட்டு நிண்டன். என்னப் பாத்து ஆடு வெக்கப்பட்டுது."

கரையில் கூடையோடு குந்தியிருந்த தெய்வமணி அக்கா சிரிக்கவில்லை. பிடிபடும் நெத்தலியை வாங்கிக் காயவைத்து விற்பவள் அவள். பாட்டை நேர்ந்துவிட்டால் அவளுக்கு அன்றைக்குப் பிழைப்பில்லை.

"உனக்கு என்னத்துக்குகா இந்த வேலை?" என்றாள். "கோயில்ல ஒரு கதை சொன்னாய். மாதர் சங்கத்தில வேற ஒரு கதை. இஞ்ச வந்து இன்னொண்டு. மெய்யானதச் சொல்லன். பேர் வரோணுமா உனக்கு?"

அது சுருக்கென்று தைத்தது. கோயிலில் புண்ணியம் என்றேன். சங்கத்தில் அவர்களும் நம் சனம் என்றேன். இங்கே நன்றி என்கிறேன். எதுவும் பொய்யில்லை. ஆனால் அவற்றில் ஒன்றுக்காகவும் நான் வெறுங்காலோடு ஓடி வந்திருக்க மாட்டேன். எதிரில் நிற்பவருக்குப் பொருந்துகிற காரணத்தையே தேடித் தேடிச் சொல்லிக்கொண்டிருந்ததில், என்னைத் துரத்துவது எது என்று நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. இரவில் நித்திரை வராமல் புரள வைக்கிற அந்தத் துடிப்பு இரக்கம் போலவும் இல்லை. இரக்கம் நெஞ்சில் கனக்கும். இது திருவிழாவுக்கு முதல் நாள் போல வயிற்றுக்குள் குதித்தது.

கடலில் வலையின் மிதப்புகள் தெரியத் தொடங்கின. அவற்றுக்கு மேலே பறவைகள் கூட்டமாய் வட்டமிட்டு, விழுந்து விழுந்து எழும்பின. இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று நெருங்கி நடந்தன.

"பறவையப் பாருங்க! மடி கனம்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

இனி நேரமில்லை. என்ன வரப்போகிறதென்று தெரியாமலே வாயைத் திறந்தேன்.

"உறைப்பு!" என்றேன்.

"என்ன?"

"ரெண்டு வருசத்துக்கு முன்னம் சண்டைக்குள்ள இடம்பெயந்து நாம முகாமில கிடந்தமே. பருப்பு. ஒவ்வொரு நாளும் பருப்பு."

"ஐயோ அந்தப் பருப்பு!" தினேஸ் கயிற்றோடு சேர்ந்து முனகினான். "மஞ்சத் தண்ணி!"

"அங்க நான் எல்லாத்துக்கும் ஓம் எண்டன். வரிசையில நில் எண்டா ஓம். தட்டைப் பிடி எண்டா ஓம். எனக்கு எண்டு ஒண்டும் வேணும்போல இருக்கல்ல. அப்ப ஓட்டமாவடியில இருந்து றஸீனா எண்டு ஒரு பொம்புள சோத்துப் பார்சலோட வந்தா. எல்லாரும் தந்துபோட்டுப் போவாங்க. அவ மட்டும் நிண்டு, 'என்ன மகள் வேணும், சொல்லுங்களேன்' எண்டு கேட்டா. எனக்கு வாய் வரல்ல. அவ போகல்ல. கடைசியா, உறைப்பா ஏதும் எண்டன். அடுத்த நாள் தன்ட அடுப்பில ஆக்கின சம்பல் ஒரு போத்தல் கொண்டுவந்தா."

கயிறு இழுபட்டுக்கொண்டே இருந்தது.

"திண்டன். கண்ணாலயும் மூக்காலயும் தண்ணி. அப்பதான் என்ட மனிசன் கழுவின கையை என்ட சீலையில துடைச்சார். முகாமுக்கு வந்த நாள் தொட்டு அப்பிடித்தான் துடைச்சிருப்பார் போல. அண்டைக்குத்தான் எனக்குக் கோவம் வந்துது! ஏசினன். அவரும் ஏசினார். கூடாரம் கிழியச் சண்டை. ஏசிக்கொண்டிருக்கக்குள்ளயே அவருக்குச் சிரிப்பு வந்திற்று." எனக்கு மூச்சு வாங்கியது. "எனக்குப் புண்ணியம் வேணாம், பேரும் வேணாம். வவுனியாவில ஒருத்தி இந்தச் சம்பலைத் திண்டுபோட்டுப் புருசனோட சண்டை பிடிக்கோணும். அத நினைச்சா எனக்கு இருப்புக் கொள்ளுதில்ல. அவ்வளவுதான்!"

இவ்வளவு சின்ன காரணமா? தர்மம் கேட்கிறவளுக்கு இப்படி ஒரு ஆசை இருக்கலாமா? வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சந்தோசம்தான் வந்தது.

"அப்ப இது குடும்பத்துக்குள்ள சண்டை மூட்டுற தர்மம்!" என்று தினேஸ் கத்தினான்.

தெய்வமணி அக்கா எழும்பிவிட்டாள். "வாயப் பொத்துடா. அந்தச் சண்டை எனக்குக் கேட்டுது. பக்கத்துக் கூடாரத்தில கிடந்தவள் நான்." என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துச் சொன்னாள். "இவள் ஏசின ஏச்சு! சுனாமியில என்ட மனிசனை அலை கொண்டுபோன பிறகு நான் வாய்விட்டுச் சிரிச்சது அண்டைக்குத்தான்." பிறகு வேலப்போடி மாமாவை நோக்கிக் கையை வீசினாள். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? நேர்ந்துவிடுங்களன்!"

"ஓம் விடுவம்!" என்றான் தினேஸ். "ஓம்! ஓம்!" என்று அந்தக் கயிற்றில் எழுந்தது இந்தக் கயிற்றிலும் தொற்றியது.

வேலப்போடி மாமா பறவைகளைப் பார்த்தார். இந்தப் பருவத்தில் இப்படி ஒரு பாடு அவருக்கு வாய்த்ததில்லை. மிதப்புகள் அலை உடையும் இடத்துக்கு வந்துவிட்டன. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போகட்டும்!" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினார். "நேர்ந்தாச்சு! எல்லாம் அவங்களுக்கு!"

அலை பின்வாங்க, மடி எழும்பியது. முழுவதும் நெத்தலி. வெள்ளித்தகட்டை அள்ளிக் கொட்டியதுபோல் வெயிலில் துள்ளிக்கொண்டிருந்தது. ஆண்கள் ஒரே குரலில் "ஐயோ!" என்றார்கள். மறுகணம் அந்த ஐயோவே சிரிப்பாகிவிட்டது. வேலப்போடி மாமா தலையில் கைவைத்து மணலில் குந்தினார். "நாசமறுவாள், கொஞ்சம் பிந்தி வந்திருக்கக்கூடாதா நீ?" என்று என்னைத் திட்டினார். திட்டிக்கொண்டே சிரித்தார்.

தெய்வமணி அக்கா அதற்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். "பாத்துக்கொண்டு நிக்காத, ரீச்சர்! இவ்வளவையும் காயப்போட என்னட்டப் பாய் இல்ல. பள்ளிப் பாயெல்லாம் எடுத்துக்கொண்டு வா!"

"அதில புள்ளைகள் படுக்கிறதுகா! மணம் போகாது!"

"மணக்கட்டும்! ஓடு!"

செருப்பை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. நான் ஓடினேன். வழியில் கண்ட ஒவ்வொரு வீட்டு வேலிக்கும் மேலாக, "மிளகாய் எடுத்து வைங்க! மிளகாய் எடுத்து வைங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.